கொடி எட்டிய அன்று

அன்று கொல்லையில் உம்மா இருந்தார். மாமா இருந்தார், உம்மாவின் தம்பி. அடுத்த வீட்டு மாமி இருந்தார். மாமியின் ஆடு இருந்தது. நான் இருந்தேன், எட்டு வயது. வாப்பா இல்லை, அவர் சவுதியில் இருந்தார். ஆனாலும் அவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் காதுக்குப் போய்விடுமே என்றுதான் உம்மா அன்று வாயைத் திறக்கவில்லை.

வாப்பாவும் மாமியின் மகனும் அங்கே ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். எங்கள் கொல்லையில் காலையில் நடப்பது மாலைக்குள் அந்த அறைக்குப் போய்ச் சேரும். மாமி கெட்டவர் இல்லை. கேட்டதைச் சொல்லாமல் வைத்திருக்க அவருக்கு வராது, அவ்வளவுதான். முன்பு ஒரு தடவை எனக்கு டைபாய்டு வந்தபோது அப்படித்தான் செய்தி போனது. வாப்பா வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். எனக்குக் காய்ச்சல் போனது, அவருக்கு விசா போனது. மறுபடி ஒரு விசா கிடைக்கும் வரை ரொம்ப நாள் கடைத்தெருவில் சும்மா நின்றார். இந்தத் தடவை அவர் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கொடி என்றால் துணி காயப்போடும் கொடி. பச்சை நைலான் கயிறு, படகுக் கயிறு. மாமா காரைக்கால்மேட்டுக்கு, மீனுக்குப் போடும் ஐஸ் ஏற்றி வண்டி ஓட்டினார். அங்கிருந்து கொண்டுவந்தது. ஒரு முனை முருங்கை மரத்தில், மறுமுனை அடுப்படிச் சுவரில் ஓர் ஆணியில். ஆணி அடித்ததும் மாமாதான். அவர் உயரமானவர், தன் உயரத்துக்கு அடித்துவிட்டார்.

நான் சைக்கிள் கேட்டேன். மாமா கொடியைக் காட்டினார்.

“இதத் தொட்டுக் காட்டு. அன்னக்கே சைக்கிள்.”

மாமா நிறையப் பந்தயம் கட்டுவார். நிறையத் தோற்பார். கொடுத்ததில்லை. இன்று மழை வராது என்று பந்தயம் கட்டிவிட்டு, நனைந்துகொண்டே நின்று, இது மழையில்லை தூறல் என்பார். அதனால் உம்மாவையும் மாமியையும் சாட்சி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மரங்கொத்தி வந்தது.

விடியற்காலையில் தொழுகைக்கு உம்மா எழுந்து போவார். நான் பாயிலேயே கிடப்பேன். பாதித் தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்கும். டொக். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இராது. தூங்கிப்போவேன். தூக்கத்துக்குள் இன்னொரு டொக். கடற்காற்று ஜன்னல் வழியாக வரும். நான் ஒரு படகுக்குள் படுத்திருப்பது போலவும், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பலகையைத் தட்டுவது போலவும் இருக்கும். பயமாக இராது. தட்டுகிறவர் நமக்கு வேண்டியவர்தான் என்று தோன்றும்.

எழுந்ததும் கேட்பேன், மரங்கொத்தி வந்ததா என்று.

“வந்துச்சு. பாவம், கொத்துனா அதுக்கும் வலிக்கும்ல. அதான் நின்னு நின்னு கொத்துது” என்பார் உம்மா.

அது தினமும் வராது. வந்தால் பல நாள் காணாமல் போகும். ஆனால் வந்து போன ஒவ்வொரு தடவையும் நான் வளர்ந்தேன். இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கையைத் தூக்கினால் விரலுக்கும் கொடிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. பிறகு ஒரு சாணாயிற்று. பிறகு நாலு விரல். கொடி மட்டுமில்லை. மேல் தட்டில் இருந்த தேயிலை டப்பா என் கைக்கு வந்தது. உப்பு ஜாடி வந்தது. முன்பு கண்ணாடியில் என் உச்சி மட்டும் தெரியும், இப்போது மூக்கு வரை தெரிந்தது. வீடு ராத்திரியில் மெல்ல எனக்காகக் குனிகிறது என்றுகூட நினைத்திருக்கிறேன். காலையில் வெளிச்சம் வந்தவுடன் ஒன்றும் தெரியாதது போல நின்றுகொள்ளும்.

பள்ளிக்கூடச் சட்டை மட்டும் சின்னதாகவில்லை. அதை நான் யோசிக்கவில்லை.

உம்மாவுக்குக் கையில் வலி என்பது எனக்குத் தெரியும். தோளிலும் முழங்கையிலும், மூட்டுக்குள்ளே. இரண்டு கையிலும். காலையில் விறைத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். வெந்நீரைச் செம்பில் தூக்கி ஊற்ற முடியாமல் சின்னக் கிண்ணத்தால் மொண்டு தோளில் விட்டுக்கொள்வார். நான் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பேன். கேட்டால், படுத்த வாக்கில் பிடித்துக்கொண்டது என்பார். எத்தனை மாதமாக ஒரே வாக்கில் படுக்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.

தலை சீவும்போது அவர் கை தலைக்குப் போகாது. தலைதான் கைக்கு இறங்கி வரும். தொழும்போது கையைத் தோள் வரை தூக்க வேண்டும். உம்மாவின் கைகள் மாருக்குக் கீழேயே நின்றுவிடும். பறக்க எழுந்து, வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்ட புறாக்கள் மாதிரி. உம்மாமார் எல்லாரும் அப்படித்தான் தொழுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலுக்குப் போவதற்காக மாமா எங்கள் வீட்டில் குளித்தார். பெருநாளுக்கு எடுத்த புது லுங்கி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. துண்டோடு வெளியே வந்து பார்த்தால், மாமியின் ஆடு லுங்கியை மென்றுகொண்டிருந்தது. முன்னங்காலைக்கூடத் தூக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி, அவசரமில்லாமல். ஒரு மூலை முழுக்க உள்ளே போயிருந்தது.

மாமா ஆட்டைத் திட்டினார். தன்னைத் திட்டியிருந்தால்கூட மாமி வந்திருக்க மாட்டார். ஆட்டைத் திட்டியதால் உடனே வந்துவிட்டார். இத்தனை நாளாக இந்தக் கொல்லையில்தான் மேய்கிறது, ஒரு துணியைத் தொட்டதுண்டா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கொடியைப் பார்த்தார்.

“என்னா புள்ள, கொடி இவ்வளவு தாழ இருக்கு? யாரு எறக்குனது?”

உம்மா ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கொடி எங்கே இறங்கியது? நானல்லவா வளர்ந்தேன். சாட்சிகள் இரண்டு பேரும் இருந்தார்கள். ஓடிப்போய், குதிக்காமல், குதிகாலைக்கூடத் தூக்காமல், கொடியைத் தொட்டேன்.

“எட்டிருச்சு மாமா. சைக்கிள்.”

மாமா என்னைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். கொடி வழியாகவே அவர் கண் போய் ஆணியில் நின்றது. ஆணிக்கு மேலே சுவரில் ஓட்டைகள் இருந்தன, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, முதலில் அவர் ஆணி அடித்த இடம் வரை. ஏழு ஓட்டை. எனக்கு அவற்றை முன்பே தெரியும். மரங்கொத்தி நம் சுவரையும் கொத்திவிட்டுப் போகிறது என்றிருந்தேன். உப்புக்காற்றில் உதிர்ந்துபோன சுவர் அது, ஆணியைப் பிடித்து ஆட்டினால் கையோடு வந்துவிடும்.

மாமா ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்துக்கொண்டு மேலே போனார். மறுபடி ஒவ்வொன்றாகக் கீழே வந்தார். கடைசியில் உம்மாவின் கையைப் பார்த்தார். உம்மா, முகத்தில் ஈ உட்கார்ந்தது போல, தலையைக் கொஞ்சமாக அசைத்தார்.

பந்தயத்திலிருந்து தப்பிக்க மாமாவுக்கு அதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது. கொடி இறங்கியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லப்போகிறார் என்று கொடியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“கொடி அங்கயேதான் மாமி இருக்கு. புள்ள வளந்துருச்சு. ஒங்க ஆடும் வளந்துருச்சு. ரெண்டுக்கும் ஒரே தீனிதானே, முருங்கக்கீர.”

மாமி சிரித்துவிட்டார். சிரித்ததில் கேட்டது மறந்துபோனது. ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் லுங்கிக்கு ஈடாக ஒரு டம்ளர் ஆட்டுப்பால் வந்தது. மாமா அதைத் தொடவில்லை.

மாமி போன பிறகு மாமா துண்டோடு சுவரோரமாகக் குந்தினார்.

“எவ்வளவு நாளா லாத்தா?” என்று கேட்டார். எங்களில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவது.

“அவருக்குத் தெரிஞ்சா கெளம்பி வந்துருவாரு” என்றார் உம்மா.

கேட்டதற்கு அது பதிலில்லை. மாமாவுக்கு அது போதும் போல. எழுந்து ஈரத் துண்டோடு கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றினார். எனக்கு சைக்கிள் உண்டு என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது. ஏனென்றால் அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை இருவரும் ஐஸ் வண்டியில் போனார்கள், சைக்கிள் பார்க்க. என்னை மாமி வீட்டில் விட்டார்கள். எங்கே போயிருக்கிறார்கள் என்று மாமி இரண்டு மூன்று விதமாகக் கேட்டார். சைக்கிள் பார்க்க என்றேன். அவருக்கும் அது சவுதிக்குச் சொல்லத் தகுந்த செய்தியாகத்தான் இருந்தது.

பொழுது சாயத் திரும்பினார்கள். சைக்கிள் இல்லை. ஒரு பை நிறைய மாத்திரை இருந்தது. நான் அழுதேன். பெயிண்ட் இன்னும் காயவில்லை என்றார் மாமா. முடக்குவாதம் என்ற பெயர் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும். என் காதுக்கு வர இன்னும் சில வருடமாயிற்று.

அந்த வாரம் வாப்பா போன் செய்தபோது நான் முந்திக்கொண்டேன். எனக்குக் கொடி எட்டுகிறது என்றேன்.

“அவ்வளவு வளந்துட்டியாம்மா” என்றார்.

குரல் ஒரு மாதிரியாக இருந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன். உம்மா போனை வாங்கி, எல்லாரும் நல்லாயிருக்கோம் என்றார். இன்னொரு கை மடியில் கிடந்தது.

சைக்கிள் வந்தது. சிவப்பு, பழையது, பெயிண்ட் மட்டும் புதியது. கொடி எட்டிய எனக்குப் பெடல் எட்டவில்லை. மாமா பெடலில் கட்டை வைத்துக் கட்டினார்.

மரங்கொத்தி அதற்குப் பிறகு வரவில்லை. விடியற்காலையில் விழித்துக் கிடந்து கேட்டுப் பார்த்தேன். காற்று மட்டும் வந்தது. அது வேறு ஊருக்குப் போயிருக்கும் என்றார் உம்மா.

அதற்குப் பதில் ஒரு விளையாட்டு வந்தது. காலையில் தோளில் வெந்நீர் விட்டுக்கொண்ட பிறகு உம்மா அந்தச் சுவரை ஒட்டி நிற்பார். ஆணியில் தொடங்கி விரல்களைச் சுவரில் நடக்கவிடுவார், பல்லி ஏறுவது போல. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததாம். கன்னம் சுவரில் பதிந்திருக்கும், கண் மூடியிருக்கும். மேலே பார்க்க முடியாது. அதனால் என்னைக் கேட்பார்.

“எத்தன?”

எத்தனை ஓட்டையைக் கடந்தாயிற்று என்று நான் எண்ணிச் சொல்ல வேண்டும். எனக்குக் கணக்கு வராது. அதற்காகத்தான் இந்தப் பாடம் என்று நினைத்தேன். ஒன்று என்பேன். வெகுநாள் அதே ஒன்று. இரண்டு வந்தது. மறுநாள் மறுபடி ஒன்று. இவ்வளவு சின்னக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க உம்மாவுக்கு ஏன் நெற்றியெல்லாம் வேர்க்கிறது என்றிருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மஞ்சள் மாத்திரை போடுவார். சனிக்கிழமை சுருண்டு கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி சுவர்.

ஏழு வரை போனால் என்ன செய்வீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். கொடியைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிடுவேன் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. கொடி மேலே போனால் நான் மறுபடி குட்டையாகிவிடுவேன்.

நோன்பு முடிந்து ஒரு காலை. மாமா கொல்லைப்பக்கம் ஐஸ் வண்டிச் சாவியோடு நின்றார். நான் சைக்கிளில் இருந்தேன், ஒரு கால் கட்டைப் பெடலில். உம்மாவின் விரல்கள் ஏறின. நின்றன. அதுவரை நாலுக்கு மேல் போனதில்லை, இனி இறங்கும் என்று பார்த்தேன். இறங்கவில்லை. வெகுநேரம் அங்கேயே இருந்தன. பிறகு இன்னும் கொஞ்சம் போயின.

உம்மா எத்தனை என்று கேட்டார்.

நான் எண்ணிக்கொண்டிருந்தபோது மாமா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி, முருங்கையில் ஒரு கொப்பை ஒடித்து ஆட்டுக்குப் போட்டார். லுங்கி போன நாளிலிருந்து அந்த ஆட்டோடு அவருக்குப் பேச்சே இல்லை. இன்றைக்கு அது அப்படி என்ன செய்துவிட்டது என்று எனக்குப் புரியவில்லை. அதைப் பார்த்ததில் எண்ணிக்கை விட்டுப்போனது.

உம்மா மறுபடி கேட்டார். மறுபடி கீழேயிருந்து எண்ணினேன்.

ஐந்து.