குறுவாளில் வைத்த பொட்டு

பிள்ளைகள், வேலையிடத்தில் நான் ஒரு பொருளைக் கெடுத்துவிட்டு வாய் திறக்காமல் நின்ற கதை இது. வேறு யாரும் சொல்லி நீங்கள் அறியக்கூடாது என்று எழுதுகிறேன்.

சுவிஸில், லா ஷோ-து-ஃபோன் நகரில் இருபது வருடமாக மணிக்கூட்டுப் பாகங்கள் மினுக்குகிறவன் நான். ஒருமுறை, அழகுக்கு வைக்கும் ஜப்பானியக் குறுவாள் ஒன்று செய்யச் சொல்லி ஓர் ஓடர் வந்தது. உருக்கைத் தெரிவு செய்வதை எங்கள் ஷெப், பட்டறை முதலாளி, என்னிடம் விட்டார். சரிவந்தால் புதிய பிரிவொன்றை உனக்குத் தருவேன் என்றார்.

மேசையில் இரண்டு துண்டுகள். ஒன்று துருப்பிடிக்காதது. மற்றது கார்பன் உருக்கு. துருப்பிடிக்கும், ஆனால் முதுகில் களிமண் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் வெட்டுவாய்ப் பக்கம் முகில் போல ஓர் அலைக்கோடு எழும். அந்தக் கோட்டுக்காகக் கார்பனை எடுத்தேன். கோடும் நன்றாக எழுந்தது.

வாளை ஒப்படைப்பதற்கு முதல்நாள் ஆயுத பூசை. என் மெசினுக்கு வருடாவருடம் வைப்பதுபோல, வாளுக்கும் ஈரச் சந்தனத்தில் பொட்டு வைத்துக் குங்குமம் தொட்டேன். துருப்பிடிக்காத உருக்கோடே பழகிய கை. ஈரம் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

காலையில் பொட்டைத் துடைத்தேன். கீழே பழுப்பு நிறத்தில் வட்டமாகத் துரு. இரண்டு மணிக்கு வாளைச் செய்யச் சொன்னவர் எடுக்க வருவார். நான் சொல்லுமுன் ஷெப் கண்டுவிட்டார். பெட்டியில் அடுக்குகிற எங்கள் தமிழ்ப் பெடியனிடம் திரும்பினார்.

"வெறுங்கையால தொட்டனியோ?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இல்லை, கையுறை போட்டனான்," என்றான். பிறகு தமிழில், "அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோவன்."

நான் நிலத்தைப் பார்த்தேன். ஷெப் அவனுடைய கையுறைகளைக் கொண்டுவரச் சொன்னார். அவன் நாலடி போயிருப்பான்.

"நான்தான்," என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் திரும்பி வந்து மெல்லச் சொன்னான்: "வாளுக்குப் பூசை செய்து, என்னை எல்லோ பலி குடுக்கப் பாத்தியள் அண்ணை."

ஷெப் வாளை என்னிடம் நீட்டினார். "இந்த உருக்கைக் கேட்டது நீ. நீயே துருவை எடு. கோடு போனால் வாள் வீண்."

மென்கல்லால் தேய்த்தேன். துரு போகப் போக அந்த இடத்தில் கோடும் மெலிந்தது. ஒன்றரை மணிக்குத் துருவின் ஒரு மெல்லிய நிழல் மட்டும் மிச்சம். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் கோடு போய்விடும். கல்லை வைத்துவிட்டேன்.

வந்தவரிடம் நிழலை நானே காட்டினேன். வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தார். பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். புதிய பிரிவு அடுத்த கிழமை அந்தப் பெடியனுக்குப் போனது.

வாள் போன அன்று வேலை முடிந்து காரில் ஏறி, மத்தியானம் தொடாத புட்டைத் திறந்தேன். ஆறிப்போயிருந்தது. முழுவதையும் தின்றேன்.