சம்பளம் என்ற கட்டம்

குத்துக்கல்வலசையில் பேருந்துக்காக நின்றபோது எதிர்ச்சுவர் விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. டேட்டாபேஸ் படித்தால் சென்னையில் எவ்வளவு சம்பளம் என்று, மேலேறும் அம்புக்குறியோடு போட்டிருந்தார்கள். அம்பின் அடியில் நிற்பவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்குச் சட்டென்று சூடான பல்பின் வாசனை வந்தது.

பல்புக்கும் டேட்டாபேஸுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். எண்பதுகளின் கடைசியில், தென்காசியில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தேன். கணிதப் பட்டதாரி நான். பாடத்தில் மாணவர்களைவிட இரண்டு அத்தியாயம் மட்டுமே முன்னால் இருந்தேன். செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே நுழைவோம். குற்றாலத்தில் சாரல் பிடித்தால் எங்கள் பிளாப்பி வட்டுகளில் பூஞ்சை படரும். ஆகையால் அவற்றை வைத்த மர அலமாரிக்குள் அறுபது வாட் பல்பு ஒன்று பகல் முழுதும் எரியும். ஊரே சாரலைக் கொண்டாடியபோது அதை வெறுத்த ஒரே கூட்டம் நாங்கள்.

உரிமையாளரை அண்ணாச்சி என்போம். கெட்டவர் அல்லர், தம் விளம்பரத்தைத் தாமே நம்பியவர். பழைய மாணவர்களுக்கெல்லாம் பதில் அட்டை அனுப்பி, என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டிருந்தார். வந்த அட்டைக் கட்டைப் பிரித்துக்கூடப் பாராமல் என்னிடம் தந்து, வகுப்பில் பயிற்சியாக ஏற்றி, சம்பள வரிசைப்படி அச்சடித்து வாசலில் ஒட்டச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஏற்றினால் எதுவும் பெருமையாகத்தான் வெளிவரும் என்பது அவர் நம்பிக்கை.

ஏற்றியவள் என் மாணவி பேச்சியம்மாள், வீரகேரளம்புதூர்க்காரி. கிடைத்த ஆசிரியப் பயிற்சி இடத்தை விட்டுவிட்டு எங்கள் மேல்வகுப்பில் சேர எண்ணியிருந்தாள். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். சென்னையில் வேலை நிச்சயம் என்று அவளிடம் சொன்னவள் நான்தான்.

நாற்பத்தோரு அட்டைகள். மெட்ராஸில் நல்ல சம்பளத்தில் ஒருவன். மர டிப்போக்களில் பில் எழுதுவோர் நால்வர். மற்றவர்கள் சம்பளம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். கணினிக்கு வெறுமை என்றால் சுழி. குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தியதால் சுழிகளெல்லாம் தாளின் தலையில் ஏறி உட்கார்ந்தன.

அண்ணாச்சி தாளைப் பார்த்தார்.

"மெட்ராஸ்காரன் பேரை மட்டும் அச்சடிங்க டீச்சர். மத்ததெல்லாம் எதுக்கு?"

"எல்லாரும்தான பதில் போட்டிருக்காவ அண்ணாச்சி."

"என் பொழப்பக் கெடுக்கதுக்குன்னே வந்தியளா?"

வேலை போகும் என்று தெரியும். முழுத் தாளையும் ஒட்டினேன். ஒட்டிவிட்டுப் பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்தேன்.

"என் மூஞ்சிய எதுக்குப் பாக்கிய டீச்சர்? அடிச்சதே நாந்தான?" என்றாள். "தெரிஞ்சுதான் சேருதேன். ஒருத்தன் போயிருக்காம்லா, ரெண்டாவதா நான் போறேன்."

அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருந்த எனக்கு அது சற்று அவமானமாகவே இருந்தது. அன்று மாலை எனக்கு வேலை போயிற்று. அடுத்த ஆண்டு மெட்ராஸிலிருந்து என் வீட்டுக்கு அவளுடைய அட்டை வந்தது. வேலை: இல்லை. சம்பளம்: இல்லை. அதற்குக் கீழே, விடுவதாகவும் இல்லை. மூன்றாவது அட்டையில்தான் ஓர் எண் இருந்தது. விளம்பரத்தில் போடும் அளவுக்கு இல்லை.

அந்த மாடியறை இன்று இல்லை. பதில் அட்டையும் இல்லை. சுழிகளை மேலே வைத்து அச்சடிக்கும் தாள் எங்குமே இல்லை. என் பையில் பேனா இருந்தது. சாலையைக் கடந்துபோய், அம்புக்குறியின் அடியில் பெரிதாக ஒரு சுழி போட்டேன். அதற்குள் பேருந்து போய்விட்டது. போகட்டும்.