டி. ஓ. ராமசாமியின் வரி எண்

வெளிநாட்டில் வரி கட்டுபவர் இந்திய வங்கியில் கணக்கு வைத்திருந்தால், தம் நாட்டின் வரி எண்ணை எழுதித் தர வேண்டும். அங்கே தனியாக வரி எண் இல்லையென்றால், அதற்கு இணையான எண் போதும். விதி இவ்வளவுதான். ஆனால் விதி தெளிவாக இருப்பதால் வேலை நடந்துவிடும் என்று நம்ப, கருவூலத்தில் முப்பது ஆண்டு குப்பை கொட்டிய என்னால் முடியாது.

பிப்ரவரி 9, திங்கள். காலை ஏழரைக்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். சிராங்கூனில் மகள் கவிதாவின் வீடு வரை டாக்சிக்கு இருபத்து நான்கு வெள்ளி; டாலருக்கு இங்கே அதுதான் பெயர். ஓட்டுநருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். "ரிட்டையர்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நானும்தான்" என்றபடியே அடுத்த சவாரிக்கு ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி 10, மாலை ஐந்து. குவீன்ஸ்டவுனில் பத்தாவது மாடி. கவிதாவின் மாமியார் மீனாட்சி அம்மாள் இங்கே தனியாக இருக்கிறார். எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்குடியில் வாழ்க்கைப்பட்ட இவருடைய அக்கா இப்போது படுத்த படுக்கை. அங்குள்ள வீட்டு வாடகை மீனாட்சி அம்மாளின் இந்தியக் கணக்கில் விழும். அக்காவைப் பார்த்துக்கொள்ளும் செல்விக்கு அதிலிருந்து சம்பளம் போகும். வங்கி கணக்கை நிறுத்திவைத்துவிட்டது. ஒரு மாதம் தம் சேமநிதிப் பணத்தில் சமாளித்தார்; இந்த மாதம் அது பல் வைத்தியருக்குப் போய்விட்டது. மகனுக்குப் புது வீட்டுத் தவணை, அவனிடம் கேட்கமாட்டாராம். இந்த வாரம் சம்பளம் வராவிட்டால் வேறு வீட்டுக்குப் போவதாகச் செல்வி சொல்லியிருக்கிறாள்.

"எங்களுக்கு ஐசி நம்பர்தான் டேக்ஸ் நம்பரும். பொறந்ததிலேர்ந்து ஒரே நம்பர் லா. அதைத்தான் எழுதினேன், சம்பந்தி."

ஐசி என்றால் அடையாள அட்டை. சரியாகத்தான் எழுதியிருந்தார். வங்கியும் அதை ஏற்றிருந்தது. சிக்கல் பெயரில். அடையாள அட்டையில் அவர் 'மீனாட்சி D/O ராமசாமி'; ராமசாமியின் மகள் என்று பொருள். நடுவில் உள்ள சாய்கோட்டை வங்கிக் கணினி விழுங்கிவிட்டு, ஒருவரை இருவராக்கிவிட்டது. கூட்டுக் கணக்குதாரர் டி. ஓ. ராமசாமியின் வரி எண் இன்னும் வரவில்லையாம்.

"அப்பா தவறி நாப்பது வருஷம் ஆச்சு. உயிரோட இருந்தப்பவே அவர்கிட்ட யாரும் வரி கேட்டதில்ல லா!"

அன்றிரவே விளக்கக் கடிதம் எழுதி அவர் கையெழுத்துடன் அனுப்பினேன். வங்கி பதில் எழுதும் வேகம் எனக்குத் தெரியும். செல்வி அதுவரை இருக்கமாட்டாள்.

பிப்ரவரி 11, காலை பத்து. மீனாட்சி அம்மாளுடன் ரயிலேறி, ஊட்ரமில் மாறி, லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையில் பூக்கடையை ஒட்டிய கடையில் தேநீர் ஒன்று 1.60 வெள்ளி.

"செல்விக்கு நான் அனுப்பிவிடுகிறேன், சம்பந்தியம்மா."

அவர் குவளையைக் கீழே வைத்தார். "சம்பந்திகிட்ட கடனா? மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

"கடன் இல்லை. பொங்கல் சீர். பெண்ணைப் பெற்றவன் நான். பொங்கல் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது, இன்னும் அனுப்பவில்லை."

"அது மருமகளுக்கு வர்றது. எனக்கில்ல."

கைபேசியை நீட்டினேன். 'எனக்கு ஆட்சேபணை இல்லை. கவிதா.' காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போதே வாங்கி வைத்திருந்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார்.

"கவர்மெண்ட் ஆளு, கவர்மெண்ட் ஆளுதான்" என்றார். பிறகு, "தே காசு நான்தான் குடுப்பேன்."

3.20 வெள்ளியை எண்ணி வைத்தார். அங்கேயே உட்கார்ந்து செல்விக்கு அனுப்பினேன். மாலை அவளே அழைத்து, அக்காவுக்குக் கஞ்சி கொடுத்தாகிவிட்டது என்றாள்.

பிப்ரவரி 20. மதுரைக்குப் புறப்பாடு. இந்த ஊரில் வரிக்கும் ஓய்வுப் பணத்துக்கும் ஒரே எண். என் வீட்டு அலமாரியில் ஆதார், பான், ஓய்வூதிய ஆணை என்று ஆளுக்கொரு எண். ஒன்றுக்கு மற்றது சாட்சி சொல்லாது. பொங்கல் சீருக்கு மட்டும் எந்த ஊரிலும் எண் கேட்பதில்லை.

வங்கியின் பதிலை மீனாட்சி அம்மாள் மதுரைக்குத் தொலைபேசியில் அழைத்துப் படித்துக் காட்டினார். கணக்கு விடுவிக்கப்பட்டது. கடிதம், மதிப்பிற்குரிய திரு. டி. ஓ. ராமசாமி அவர்களுக்கு.

"அப்பாவுக்கு மரியாதையா ஒரு லெட்டர் வந்திருக்கு, சம்பந்தி. ஃப்ரேம் போட்டு மாட்டப்போறேன்."

கடிதம் வந்து சேர்ந்த தேதி: மார்ச் 23, திங்கள்.