விஷம் வைப்பதில்லை

விமலன் மலேசியாவில் செலண்டார் பக்கத்து எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவரின் மகன். 1994இல், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் கூண்டு வைத்து, எலி பிடிக்க வளர்க்கும் ஆந்தைகளைப் பற்றிய பல்கலைக்கழக ஆய்வுக்காக அங்கேயே திரும்பி வந்தான். கேள்வித்தாளைப் பார்த்து, "ஆந்தைக் கூண்டுப் பக்கம் விஷம் வைப்பீங்களாக்கா?" என்று அங்கே தோட்ட வேலை பார்த்த முனியாயியிடம் கேட்டான்.

"விஷமா? நமக்கு எதுக்கு தம்பி அந்தப் பாவம்?" என்று சிரித்தார் அவர். 'இல்லை' என்று குறித்துக்கொண்டான்.

மூன்றாம் வாரம் கூண்டிலிருந்த நான்கு ஆந்தைக் குஞ்சுகளும் செத்துக் கிடந்தன. மருந்து தின்ற எலியைத் தாய் ஆந்தை கொண்டுவந்து ஊட்டியிருந்தது. முனியாயி பொய் சொல்லிவிட்டதாக விமலன் மேனேஜரிடம் சொன்னான். மறுநாளே அவரை மேட்டில் புல்வெட்டும் கடின வேலைக்கு மாற்றிப் போட்டார்கள். அங்கே போய், ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டான்.

"விஷம்னா ஆளு குடிச்சிட்டுச் சாவுறதுலா. எலிக்கு வைக்கிறது மருந்து. ஒங்க வீட்ல என்னா சொல்வாங்க?"

அவன் வீட்டிலும் மருந்து என்றுதான் சொல்வார்கள். பல்கலைக்கழகம் கொடுத்த மலாய்க் கேள்வித்தாளில் இருந்த 'ராச்சுன்' என்ற சொல்லை அகராதி பார்த்து விஷம் என்று எழுதியவன் அவன்தான். மருந்து என்று எழுதினால் எஸ்டேட்டுப் பேச்சாகத் தெரியுமே என்று அன்று கூச்சப்பட்டிருந்தான்.

தவறு தன்னுடையது என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னான்.

"மாத்துனது மாத்துனதுதான் தம்பி. நீங்க படிப்பப் பாருங்க."

முனியாயி புல்வெட்டும் மேட்டு வழியாகப் போனால் பஸ் நிறுத்தம் பக்கம். விமலன் அன்று ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போனான்.