தொட்டியில் எட்டுப் பெயர்

1. முதல் நாள்

இலங்கையில் பல்லேபொலப் பக்கத்துக் கொக்கோத் தோட்டம் ஒன்றில் நான் ஸ்டோர் கிளாக்கராகச் சேர்ந்த அன்று, வாப்பா வாங்கித் தந்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனேன். அதை வைத்தே எல்லாரிடமும் வேலை வாங்கிவிடலாம் என்ற நினைப்பு.

கழுவும் தொட்டியருகே நின்ற காமாட்சியிடம் கேட்டேன். லயத்துப் பெண், தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில் குடியிருப்பவள். தொட்டி வேலையை முன்நின்று நடத்துபவள் அவள்தான்.

"ஒரு லொட்டு கழுவ எவ்வளவு நேரம்?"

"எட்டுப் பாட்டுங்க ஐயா."

"பாட்டைக் கேக்கல. நேரத்தக் கேட்டேன்."

"நானும் நேரத்தத்தாங்க சொல்றேன்."

கேலி செய்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் அவள் வேலையைத்தான் சொன்னாள். லொட்டு என்றால் ஒரு தடவை தொட்டியில் போடும் கொட்டை. புளிக்கவைத்த அந்தக் கொக்கோக் கொட்டையைத் தண்ணீரில் போட்டு, எட்டுப் பெண்கள் தோளில் கைகோத்து மிதிப்பார்கள். மிதி குறைந்தால் வழவழப்பு போகாது, காயும்போது பூஞ்சணம் பிடிக்கும். கூடினால் தோல் வெடிக்கும். கால்கள் ஒன்றாக விழாவிட்டால் ஒருத்தி காலை மற்றவள் மிதிப்பாள், கொட்டை நசுங்கும்.

எட்டுப் பேரில் நாலு பேர் லயத்துத் தமிழ்ப் பெண்கள். நாலு பேர் கிராமத்துச் சிங்களப் பெண்கள், கொக்கோப் பருவத்துக்கு மட்டும் வருபவர்கள். வெளியே இரண்டு கூட்டமும் ஒரே மர நிழலில் உட்காராது. ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்காது. தொட்டிக்குள் மட்டும் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டாக வேண்டும். அதற்குத்தான் பாட்டு.

காமாட்சி ஒருத்தியின் பெயரைச் சொல்லி, "எங்கேடி?" என்று இழுத்துப் பாடுவாள். அவள், "இங்கதான் நிக்கிறேன்" என்பாள். பிறகு அவளைக் கேலி செய்து நாலு வரி. புருஷனுக்குத் தெரியாமல் கருப்பட்டி தின்றது, கோழியைத் தொலைத்தது என்று அன்றன்றைக்கு அகப்பட்டது. எல்லாரும் திருப்பிப் பாடுவார்கள், அத்தோடு ஒரு பாட்டு. ஏழு பெயரைக் காமாட்சி கூப்பிடுவாள். எட்டாவதாகக் காமாட்சியைக் கூப்பிடுவது மேனிக்கே. கிராமத்துப் பெண். அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதிக்கு மேல் அந்தப் பாட்டில் கற்றதுதான். காமாட்சி "இங்கதான் நிக்கிறேன்" என்று சொல்லி, அவளைக் கேலி செய்யும் நாலு வரியும் முடிந்ததும் எல்லாரும் தொட்டியை விட்டு ஏறுவார்கள். கொட்டை கச்சிதமாக இருக்கும். கடிகாரத்தை நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

2. நான் நிரப்பிய பாரம்

சில வருஷம் கழித்து லயத்து ஆட்களிடம் எந்த நாட்டுப் பிரஜையாக விருப்பம், இந்தியாவா இலங்கையா என்று கேட்டுப் பாரம், அதாவது விண்ணப்பப் படிவம், கொடுக்கும் காலம் வந்தது. அதை நிரப்புவதும் என் தலையில் விழுந்தது. காமாட்சியின் புருஷன் வந்து, "இந்தியான்னு போடுங்க" என்றான். போட்டேன். பின்னால் காமாட்சி நின்றாள். அவள் பெயரையும் எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அன்று வரிசை நீளம். எனக்கு முதுகு வலி. இவ்வளவுதான் நான் சொல்லக்கூடிய சாக்கு.

எழுபதுகளில் ஒரு பருவத்தின் நடுவே காமாட்சி குடும்பம் இந்தியாவுக்குப் போக வேண்டிய பேப்பர் வந்தது. அன்றிலிருந்து காமாட்சி பாடவில்லை. தொட்டியில் இறங்குவாள், மிதிப்பாள், ஏறுவாள். மற்ற தமிழ்ப் பெண்களும் வாயைத் திறக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னேன். தகரத்தைக் கம்பால் தட்டியும் பார்த்தேன், வெட்கங்கெட்ட வேலை. இரண்டு லொட்டு வீணானது.

தோட்டத்தை நடத்தும் துரை என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு லொட்டு கெட்டா நாட்டுப் பொம்பளைங்கள, அந்தக் கிராமத்து ஆளுங்கள, நிப்பாட்டிடு. அவங்களுக்குப் பழக்கம் பத்தாது." குற்றம் யார் மேல் விழும் என்பது எந்தத் தோட்டத்திலும் முன்பே தீர்மானமாகியிருக்கும்.

காமாட்சியிடம் போய்ச் சொன்னேன். "நீ பாடாட்டி மேனிக்கே ஆளுங்களுக்கு வேலை போயிடும்."

"எத்தன வருஷமா எல்லார் பேரையும் கூப்பிட்டு எங்கேடின்னு கேக்குறேன். எங்கிட்ட ஒரு தடவ யாராச்சும் கேட்டாங்களா ஐயா, போறியா இருக்கியான்னு? நீங்கதான எழுதுனீங்க."

நான் ஸ்டோருக்குத் திரும்பிப் போனேன்.

3. மூன்றாவது லொட்டு

நான் சொன்னது மேனிக்கேயின் காதுக்குப் போயிருந்தது. மறுநாள் எட்டுப் பேரும் தொட்டியில் இறங்கியதும் அவளே ஆரம்பித்தாள்.

"முனியம்மா எங்கேடி?"

லயத்து முனியம்மா காமாட்சியின் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. கால்கள் கலைந்தன, யாரோ வழுக்கினார்கள். மேனிக்கே இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு வரிசையை விட்டுவிட்டு, கடைசியில் வர வேண்டியதை முதலில் எடுத்தாள்.

"காமாச்சி எங்கேடி?"

காமாட்சி குனிந்தபடி மிதித்தாள். மேனிக்கே அவள் தோளிலிருந்த கையை எடுக்காமல் மறுபடியும் கூப்பிட்டாள். அடிக்குரலில் பதில் வந்தது.

"இங்கதான் நிக்கிறேன்."

அதற்குப் பிறகு மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள். லொட்டு தப்பியது. கிராமத்துப் பெண்களின் வேலையும் தப்பியது. மீதி நாட்களில் மேனிக்கேதான் கூப்பிட்டாள், காமாட்சி பதில் மட்டும் சொன்னாள். போகிற அன்று மேனிக்கே ஒரு பொட்டலம் மிளகு கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் மர நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே நிழல்தான்.

4. ஏழு பேர்

அடுத்த லொட்டுக்கு ஏழு பேர். புது ஆள் தர துரைக்கு மனம் வரவில்லை. ஏழாவது பாட்டு முடிந்ததும், "போதும், ஏறுங்க" என்றேன்.

"இன்னும் போகல்ல மாத்தயா. கை வச்சிப் பாருங்க," என்றாள் மேனிக்கே.

கை வைத்தேன். வழவழவென்றுதான் இருந்தது. இன்னொரு பாட்டு வேண்டும்.

"காமாச்சி எங்கேடி?"

பதில் வர வேண்டிய இடத்தில் பதில் வரவில்லை. கால்கள் மட்டும் நிற்காமல் விழுந்தன. பிறகு நாலு வரியையும் சேர்ந்து பாடி முடித்துவிட்டு ஏறினார்கள். கொட்டை சரியாக இருந்தது.

நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு லொட்டும் அப்படித்தான் கழுவப்பட்டது. அந்தப் பதில் இல்லாத இடம் வரும்போது ஸ்டோருக்குள் போய்விடலாமா என்று தோன்றும். போனதில்லை.

இப்போது கிளாக்கர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. பாரத்தில் ஒரு பெயரை எழுதும் முன் அந்த ஆளைக் கேளுங்கள். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் காமாட்சி என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. தினமும் எட்டாவது பாட்டில், "இங்கதான் நிக்கிறேன்" என்று என் காதில் விழச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.