மாமாவின் சட்டையும் மாப்பிள்ளையின் களிமண்ணும்

படித்து வாங்கிய பட்டம் இயற்பியல். வேலைக்குச் சேர்ந்த வாரமே ஆய்வுக்கூடத்தார் கொடுத்த பட்டம் ‘களிமண்’. இரண்டையும் இவன் ஒரே பெருமையோடுதான் சுமந்தான்.

குண்டு துளைக்காத சட்டைகளைச் சோதிப்பது அங்கே தொழில். தோட்டா சட்டையோடு நின்றுவிட்டால் மட்டும் போதாது. நிற்கிற வேகத்தில் பின்னால் இருக்கும் நெஞ்சை எவ்வளவு குத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். நெஞ்சுக்குப் பதில் ஒரு பெட்டி நிறையக் களிமண். சுட்டபின் அதில் விழும் குழியை அளப்பது இவன் வேலை. நாற்பத்துநாலு மில்லிமீட்டரைத் தாண்டினால் சட்டை தோற்றது.

அன்று வந்தது மாமா விற்கும் சட்டை, கூடவே மாமாவும். மாமா என்றால் அக்கா புருஷன். ‘கொஞ்ச நாள்தான் மாப்ள’ என்று அக்காவோடு இவன் வீட்டில் நுழைந்தவர், இவன் அறையையும் கட்டிலையும் பிடித்துக்கொண்டு அசைய மறுக்கிறார். இவனுக்குக் கூடத்துத் தரை. சட்டை தேறினால் அதைச் செய்யும் கம்பெனி மாமாவுக்கு வீடு கொடுக்கும். மாமாவைவிட இவன்தான் அதிகம் வேண்டிக்கொண்டான்.

சூடடுப்பிலிருந்து களிமண் வந்ததும் சுட்டுவிட வேண்டும். ஆறினால் இறுகும், இறுகினால் குழி சின்னதாக விழும். மேலாளர் போனோடு வெளியே போன நேரம் பார்த்து மாமா தன் செல்போனை எடுத்தார்.

“மாப்ள, சட்டையோட ஒரு போட்டோ?”

வேறு யார் கேட்டிருந்தாலும் விரட்டியிருப்பான்.

“தாராளமா எடுங்க மாமா. வெளிச்சம் பத்தல, இந்தப் பக்கம் வாங்க. தலைய சீவிக்கலாமே?”

மாமா நிதானமாகச் சீவினார். களிமண் நிதானமாக ஆறியது. பிறகு சுட்டார்கள். குழி நாற்பத்தொன்று.

மாமா தரையில் நிற்கவில்லை. “இனிமே வாங்க வர்றவங்க முன்னாடி நானே போட்டுக்கிட்டு நிப்பேன். சுடுங்கடான்னு சொல்வேன்!”

“சும்மா பேச்சுக்குத்தானே மாமா?”

“பேச்சா? உங்கக்காவையே சுடச் சொல்றேன். அவளுக்கும் ரொம்ப நாள் ஆசை.”

மேலாளர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையை நீட்டினார். “உருண்டை போட்டாச்சாடா?”

களிமண் பதமாகத்தான் இருந்தது என்று காட்ட, கடைசியில் இரும்பு உருண்டை ஒன்றை மேலிருந்து போட்டு அந்தக் குழியையும் அளப்பார்கள். ஒரு தலையாட்டல் போதும், கட்டில் கைக்கு வந்துவிடும். இவன் மாமாவைப் பார்த்தான். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தோட்டாவை வரவேற்கத் தயாராக நின்றார்.

“இல்ல சார். இதோ போடறேன்.”

உருண்டை ‘டொக்’கென்று விழுந்தது. குழி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை.

“என்னடா, கல்லாக் கெடக்கு?”

“போட்டோ எடுத்தோம் சார். நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

சோதனை செல்லாது என்றார் மேலாளர். அதற்குமேல் அவர் சொன்னதை அச்சில் போட முடியாது. மறுபடி சூடான களிமண், புதுச் சட்டை, புதுத் தோட்டா. குழி நாற்பத்தேழு.

மாமா அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “இது என் நெஞ்சா இருந்தா?”

“விலா எலும்பு போயிருக்கும். அக்கா சுட்டா இன்னும் கொஞ்சம் போகும்.”

மாமா விரலை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

“சட்டைக்குள்ள இன்னும் ரெண்டு அடுக்கு வைக்கச் சொல்றேன். எப்படியும் ஆறு மாசம் இழுக்கும்.” சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. “அதுவரைக்கும் அந்த ரூம் ஃபேன் சத்தத்தையாவது சரிபண்ணு மாப்ள. மனுஷன் தூங்க வேணாமா?”