வலது கைக்கு வந்த சிக்னல்

சுகுமாருக்கு நான் இருபதாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். அவன் அஸ்தினாபுரத்து மெக்கானிக்; பழைய வெளிநாட்டு பைக் ஒன்றை எனக்கு விற்றவன். மகள் ஷீலாவின் காலேஜ் பீஸுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சொந்த உழைப்பில் நாலு லாரி வாங்கினேன். நான் ஓட்டாத வண்டியில்லை. மற்ற பைக்குகளில் இரண்டு சிக்னலும் இடது கைப்பிடியிலேயே இருக்கும். இந்த பைக்கிலோ இடது சிக்னல் இடது கைப்பிடியில், வலது சிக்னல் வலது கைப்பிடியில். ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில் இடது சிக்னல்! தாம்பரம் நெரிசலில் ஹாரன் என்று அமுக்கினால் சிக்னல் மின்னியது.

"இன்னா பெர்சு, லெப்ட் போட்டுகினு நேரா போற?" என்று ஷேர் ஆட்டோக்காரன் கத்தினான்.

நேரே சுகுமாரிடம் போனேன். "ஒயரிங்க மாத்திட்டியா? சரி பண்ணு, அப்புறம்தான் காசு."

"வண்டி நல்லாத்தான் கீது அண்ணா. உங்க கட்டை விரலுக்குத்தான் பழகல. ஒரு வாரம் ஓட்டுங்க."

எனக்கெல்லாம் ஒரு வாரம் தேவையா? சலித்துக்கொண்டே நாலைந்து நாள் ஓட்டினேன். பிறகு ஒருநாள் அவசரத்துக்கு, முன்பு ஓட்டிக்கொண்டிருந்த என் உள்ளூர் பைக்கை எடுத்தேன். குரோம்பேட்டையில் வலப்பக்கம் திரும்பும்போது சிக்னல் என்று வலது கட்டை விரல் தானாக அமுக்கியது. அங்கே இருந்தது செல்ப் ஸ்டார்ட் பட்டன். ஓடுகிற என்ஜின் கரகரவென்று அலறியது.

ஓரமாக நிறுத்தி விரலையே பார்த்தேன். என்னைக் கேட்காமல் இது எப்போது கற்றுக்கொண்டது?

அன்றே சுகுமார் கடைக்குப் போனேன். அவன் நீட்டிய கிரீஸ் கையில் நாற்பது ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி வைத்தேன்.